விஞ்ச் பூட்டும் முன் வாகனப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. புதிய ஜீப்பின் விலையைக் கேட்டவர்களில் பலர் பேசாமல் வீடு திரும்பினார்கள். வீட்டில் நிற்கிற பழைய பஜேரோவையோ டிஃபெண்டரையோ தேற்றி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கிப் பூட்டி, நக்கிள்ஸ் மலையில் மீமுரே பக்கமோ ரிவர்ஸ்டன் பக்கமோ ஒரு சுற்றுப் போய் வரலாம் என்பதுதான் இப்போது அவர்களுடைய கணக்கு.

நல்ல கணக்குத்தான். ஆனால் எதை நம் விருப்பப்படி பூட்டலாம், எதற்கு அனுமதி எடுக்க வேண்டும் என்பதில் பலருக்கும் தெளிவில்லை. கராஜில் கேட்டால் "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார்கள். பொலிஸ் தண்டப்பணத் தாள் எழுதும்போது கராஜ்காரர் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

இந்த விஷயத்துக்கு அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அதன் திருத்தங்களும். அதைப் படிப்பதை விட எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் பதிவுச் சான்றிதழை, அதாவது நாம் 'வாகனப் புத்தகம்' என்று சொல்வதை, எடுத்துப் பாருங்கள். எஞ்சின் இலக்கம், சேஸி (அடிச்சட்டம்) இலக்கம், எரிபொருள், நிறம், பொடி (வெளிக்கூடு) வகை, ஆசன எண்ணிக்கை, டயர் அளவு, நீள அகல உயரம், சுமையில்லாத நிறை என்று வரிசையாக இருக்கும். பழைய புத்தகங்களில் சில கட்டங்கள் வெறுமையாகவும் இருக்கலாம். அந்தத் தாளில் எழுதியிருக்கிற எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால், அது உங்களுக்கும் கராஜுக்கும் மட்டுமான விஷயம் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு, எல்லோரும் ஆர்.எம்.வி. என்று சொல்கிற நாரஹேன்பிட்ட அலுவலகத்துக்கு, அறிவித்து, வாகனத்தைக் காட்டி, புத்தகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் மாற்றம்தான் இதில் அதிகம் நடப்பது. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு இன்னொரு டீசல் எஞ்சினை இறக்குவது கராஜுக்குச் சில நாள் வேலை. திணைக்களத்தில் கேட்கும் கேள்வி வேறு: இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது? வாங்கிய ரசீதும், இறக்குமதியான எஞ்சின் என்றால் அதற்கான பத்திரமும் கையில் இருக்க வேண்டும். ரசீது தராமல் விலையைக் குறைக்கிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அந்த லாபம் பின்னால் பல மடங்காகக் கையைக் கடிக்கும். என் மச்சான் ஒருவர் கொட்டாஞ்சேனையில் ஒரு ஜீப் வாங்கினார். ஓடிப் பார்த்தார், நன்றாக ஓடியது, காசைக் கொடுத்தார். பெயர் மாற்றப் போனபோதுதான் எஞ்சினில் இருந்த இலக்கமும் புத்தகத்தில் இருந்த இலக்கமும் வேறு வேறு என்று தெரிந்தது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பாவம், ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஜீப் மழையில் நின்றது.

சேஸி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாகனத்தின் அடையாளமே அந்த இலக்கம்தான். துருப்பிடித்த சேஸியை வெட்டி ஒட்டும்போது இலக்கம் உள்ள துண்டைத் தொட்டுவிட்டால், நீங்கள் நேர்மையாகத்தான் செய்தீர்கள் என்பதை நிரூபிக்கவே நாள் போகும். வெட்டும் முன்பே திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள்.

டயருக்கு வருவோம். 265/70 ஆர்16 அளவுள்ள டயரின் விட்டம் ஏறக்குறைய 777 மில்லிமீற்றர். 285/75 ஆர்16 போட்டால் 834. ஏழு வீத வித்தியாசம். ஸ்பீடோமீற்றருக்கு இது தெரியாது. நெடுஞ்சாலையில் அது 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 107இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அதிவேக நெடுஞ்சாலையில் எல்லையே 100தான். மீற்றர் பொய் சொன்னது என்று பொலிஸிடம் வாதாட முடியாது. பெரிய டயரோடு சஸ்பென்ஷனையும் உயர்த்தினால் ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். அதை இறக்கிச் சரிசெய்யாவிட்டால் எதிரே வருகிறவரின் கண் கூசும்.

நிறையையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மொத்த நிறையிலிருந்து, அதாவது சுமையோடு சேர்த்து வாகனத்துக்கு அனுமதித்த உச்ச நிறையிலிருந்து, சுமையில்லாத நிறையைக் கழித்தால் 700 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர் என்றால் 350 போய்விட்டது. இரும்பு பம்பர், விஞ்ச் (சேற்றில் சிக்கிய ஜீப்பைக் கம்பியால் இழுத்தெடுக்கும் கருவி), கூரைத் தட்டு, இரண்டாவது பற்றரி எல்லாம் சேர்ந்து 200 என்றால், கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் மிச்சம் 150தான்.

புத்தகத்தில் இல்லாத, வெறுமனே பூட்டுகிற சாமான்களிலும் வில்லங்கம் உண்டு. விஞ்ச் பம்பர் இலக்கத்தகட்டை மறைக்கக் கூடாது. கூரையில் பூட்டும் லைட் பார் காட்டுப் பாதைக்குத்தான். கொழும்பு–காலி பிரதான வீதியில் அதைப் போட்டுக்கொண்டு போவது வம்பை விலைக்கு வாங்குவது. சைலன்சரைக் கழற்றிவிட்டு உறுமவிடுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. 2025 தொடக்கத்தில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' என்று பஸ்களையும் முச்சக்கரவண்டிகளையும் நிறுத்தி, மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்றச் சொன்னது நினைவிருக்கும். ஜீப்புக்கும் சட்டம் ஒன்றுதான்.

அப்புறம் இன்சூரன்ஸ். முழுக் காப்புறுதி எடுத்திருந்தால், செய்த மாற்றங்களைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துப் பதில் வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் வந்து பார்த்து "இது நீங்கள் சொல்லாத மாற்றம்" என்றால் நட்டஈடு இழுபடும். லீசிங்கில் இருக்கிற வாகனம் என்றால் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயரும் இருக்கும். அவர்களுடைய ஒப்புதல் கடிதம் இல்லாமல் எஞ்சினிலோ பொடியிலோ கை வைக்காதீர்கள். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் செல்லுபடியாகும் காப்புறுதியும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஜீப் தயார் என்பதால் எங்கும் இறங்கி ஓடலாம் என்றில்லை. யாலவும் வில்பத்துவும் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருபவை. அங்கே போடப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது, குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கவும் கூடாது. நக்கிள்ஸ் வனத் திணைக்களத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010இலிருந்து மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியும்கூட. அங்கே அனுமதி எடுத்துத்தான் போக வேண்டும், புல்வெளியில் சக்கரம் ஏற்றக் கூடாது. இரண்டு திணைக்களங்களின் தலைமையகமும் பத்தரமுல்லையில். தேயிலைத் தோட்டத்துப் பாதை என்றால் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லயத்துப் பிள்ளைகள் விளையாடுகிற, கொழுந்துக் கூடையோடு ஆட்கள் நடக்கிற பாதை அது.

மலைக்குள் கைத்தொலைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வருவதால், இரண்டு மூன்று ஜீப்பாகப் போகிறவர்கள் வோக்கி டோக்கி வாங்குகிறார்கள். இதற்கும் அனுமதி எடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அதைத் தருவது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அந்த அலுவலகமும் எல்விட்டிகல மாவத்தையில்தான், ஆர்.எம்.வி. இருக்கிற அதே வீதியில். காலையில் வாகனப் புத்தகத்தோடு நாரஹேன்பிட்டவுக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் அங்கேயும் ஏறி இறங்கலாம்.