ஏர் புரட்டிப் போடும் பழைய ஊர்

கோடை மழைக்கு உழுது போட்ட புஞ்சை. உழவுக்குப் பிறகு இன்னொரு மழையும் பெய்துவிட்டால், மேற்பரப்பாய்வுக்கு, அதாவது தோண்டாமல் நிலத்தின் மேலேயே பழைய ஊரின் தடயம் தேடுவதற்கு, அதைவிட நல்ல நேரம் கிடையாது. கட்டிகள் கரைந்து, புழுதி கழுவி, பானை ஓடுகள் பளிச்சென்று தெரியும். குனிந்து பார்த்தால் சில ஓடுகள் சின்ன மண்தூணின் மேல் உட்கார்ந்திருக்கும். சுற்றியிருந்த மண்ணை மழைத்துளி அரித்திருக்கும். ஓட்டுக்கு அடியில் இருந்த மண் மட்டும் தப்பியிருக்கும்.

ஆய்வு என்பது நடைதான். ஐந்தாறு பேர் ஐந்து, பத்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று, தொலைந்த காசைத் தேடுகிறவர்கள் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிலத்தின் மறுமுனை வரை நடப்பார்கள். கிடைப்பதைப் பையில் போட்டு, எந்த இடம் என்று ஜிபிஎஸ் அளவோடு குறித்துக்கொள்வார்கள். ஓர் ஓட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தவை திடீரென்று காலடிக்கு ஏழெட்டு என்று கூடி, கொஞ்ச தூரத்தில் மறுபடி குறைந்தால், கீழே ஏதோ இருக்கிறது.

காரணம் ஏர். மண்ணுக்குள் கிடக்கும் பழைய குடியிருப்பின் மேல்தளத்தைக் கொழு ஒவ்வொரு உழவிலும் கொஞ்சம் சுரண்டி மேலே கொண்டுவருகிறது. சமதளமான நிலத்தில் ஓடுகள் அதிக தூரம் நகர்வதில்லை. அதனால் மேலே தெரிவது கீழே இருப்பதன் கலங்கிய நகல். ஆனால் ஒன்று: மேலே வந்த ஓடு, தன் காலத்தைச் சொல்லும் மண்ணடுக்கை இழந்துவிட்டது. காட்டிக் கொடுப்பதும் கலப்பைதான், கலைப்பதும் கலப்பைதான். 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறை வைகைக் கரையோரம் நடத்திய கள ஆய்வில் 293 இடங்கள் பதிவாயின. கீழடி அதில் ஒன்று. அங்கே அகழாய்வு தொடங்கியது 2015இல்.

சரி, கையில் எடுத்த ஓட்டில் என்ன பார்ப்பார்கள்? முதலில் விளிம்பு. பானையின் வாய்ப்பகுதித் துண்டை, வட்டத்துக்குள் வட்டம் வரைந்த தாளில் வைத்து வளைவைப் பொருத்தினால் முழுப்பானையின் வாயகலம் தெரிந்துவிடும். அப்புறம் நிறம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் பெரும்பாலும் இரும்புக்காலமோ அதை அடுத்த சங்க காலமோதான். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்பக்கமும் வாய்ப்பகுதியும் காற்றுப் படாமல் கரியேறிக் கறுக்கும். வெளிப்பக்கத்தில் காற்றுப் பட்டு, களிமண்ணில் உள்ள இரும்பு சிவக்கும்.

எது எதோடு கிடக்கிறது என்பதும் முக்கியம். சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த மணி ஒன்று மட்டும் கிடந்தால் யாரோ தொலைத்ததாக இருக்கலாம். நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணல் போல, துளையிடாத மணியும் உடைந்த கல்சில்லும் சேர்ந்து கிடந்தால் அங்கே பட்டறை இருந்திருக்கிறது.

ஏமாற்றும் ஓடுகளும் உண்டு. குப்பைக்குழி எருவோடு வீட்டு உடைசலும் வயலுக்குப் போய்விடும். கண்மாய் வண்டலோடும் வரும். இப்படி வந்தவை பெரும்பாலும் தேய்ந்துபோன சின்னத் துண்டுகள், விதைத்தாற்போலப் பரவலாகக் கிடக்கும். ஊர் இருந்த இடத்திலோ குவிந்து கிடக்கும். இந்த வித்தியாசம் பிடிபட நாலு வயலாவது நடக்க வேண்டும்.

உங்கள் நிலத்தில் இப்படி ஏதும் கண்ணில் பட்டால், வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். படத்தில் பக்கத்து வரப்போ கிணறோ தெரியட்டும்.