நாடி துடிக்கும்போதே சாகும் தசை

ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை உண்டு. பெகு, மோல்மேன் பக்கம் அது இல்லாமல் பிழைப்பு ஓடாது. வண்டியோடு விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால், நம்மவர்களில் சிலர் முதலில் தேடுவது எலும்பு கட்டுகிறவரைத்தான். எண்ணெய் தடவி, மூங்கில் தப்பை வைத்து, இறுக்கிக் கட்டி அனுப்புவார். ராத்திரி பையன் வலியில் கத்தினால், "எலும்பு முறிஞ்சா வலிக்கத்தானே செய்யும்" என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். ஆனால் அது எலும்பின் வலியாக இல்லாமலும் இருக்கலாம்.

முழங்காலுக்குக் கீழே தசைகள் 4 அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஃபேசியா என்ற கெட்டியான உறை. அது லேசில் விரிந்து கொடுக்காது. முறிவால் உள்ளே இரத்தம் கசிந்து தசை வீங்கும்போது, தண்ணீரில் நனைந்த அரிசி மூட்டை போல அறை விம்முகிறது. சாக்கு பெரிதாகாது, அழுத்தம்தான் ஏறும். முதலில் நசுங்குவது மெல்லிய சிரைகள். இரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, வீக்கம் இன்னும் கூடுகிறது. ஒன்றை ஒன்று வளர்த்துவிடும் இந்தச் சுழலுக்குப் பெயர்தான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். வெளியிலிருந்து கட்டும் இறுகினால் கேட்கவே வேண்டாம். இறுக்கமான கட்டுப் போட்டபின் கை மடங்கி முடங்கிப்போவதைப் பற்றி ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே எழுதிவிட்டார்.

இதில் பலரும் ஏமாறுவது நாடியில்தான். பெரிய தமனிக்குள் இருக்கும் அழுத்தம் அதிகம் என்பதால் பாதத்தில் நாடி துடித்துக்கொண்டே இருக்கும், விரல் சூடாகவும் இருக்கும். உள்ளே தசை மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். நம்ப வேண்டிய அடையாளம் வலி: காயத்துக்குப் பொருந்தாத, மாத்திரைக்கு அடங்காத வலி. கால் விரலை இன்னொருவர் மெதுவாக அசைத்தாலே துடித்துப்போவார். அப்புறம் மரத்துப்போகும். வலி போய்விட்டது என்று அப்போது நிம்மதி அடைந்தால் போச்சு, நரம்பு செத்துக்கொண்டிருக்கலாம்.

சந்தேகம் தீராவிட்டால் ஊசி செலுத்தி அறையின் அழுத்தத்தை அளப்பார்கள். சாதாரணமாக 10 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும். இரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 30-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அதனால் நிறைய இரத்தம் இழந்து இரத்த அழுத்தம் தாழ்ந்தவருக்குச் சிறிய வீக்கமே போதும்.

இதற்கு மருந்து கிடையாது, ஃபேசியாவைக் கீறித் திறக்க வேண்டும். காலின் இரு பக்கமும் நீளமாகக் கீறி 4 அறைகளையும் திறப்பார்கள். உடனே தைக்க மாட்டார்கள். 2, 3 நாள் கழித்து மறுபடி பார்த்து, செத்த தசையை நீக்கி, வீக்கம் வடிந்தால் மூடுவார்கள், இல்லையென்றால் தோல் ஒட்டுவார்கள். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் கால் பிழைக்க அதுதான் வழி. இரத்த ஓட்டம் இல்லாமல் 6 மணி நேரம் தாண்டினால் தசை திரும்பாது. சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2025 மார்ச் 28 மாண்டலே, சகாயிங் நிலநடுக்கத்தைப் போல இடிபாட்டில் கைகால் நசுங்கிக் கிடப்பவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு.

இப்படி வலி வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கட்டை முழுசாகத் தளர்த்துங்கள், முறிந்த காலை மட்டும் ஆடாமல் தாங்கிக்கொள்ளுங்கள். மாவுக்கட்டு என்றால் டாக்டர் அடியோடு பிளந்துவிடுவார். ஐஸ் வேண்டாம். காலைத் தலையணை மேல் உயர்த்தவும் வேண்டாம், உயர்த்தினால் வருகிற கொஞ்ச இரத்தமும் குறையும். நெஞ்சு மட்டத்திலேயே இருக்கட்டும்.