உங்கள் கல்யாணம் எந்தத் தேதி?

"கல்யாணம் எப்போ நடந்துச்சு கண்ணு?" என்று கேட்டேன். தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பெண். கணவர் அமெரிக்கக் குடிமகன். மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கிரீன் கார்டுக்கான விசா நேர்காணலுக்கு இன்னும் 18 நாள் இருந்தது. அவள் "பிப்ரவரி" என்றாள். அம்மா "தை கடைசிங்க" என்றார். அப்பா மலையாளக் கணக்கில் "மகரம்" என்றார். மூன்று பேர் சொன்னதும் ஒரே நாள்தான். ஆனால் மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவர் போட்ட ஐ-130 மனுவில் இருந்தது அதற்கு முந்தைய அக்டோபர்.

விசாரித்தால் விஷயம் எளிது. அக்டோபரில் மாப்பிள்ளை லீவில் வந்தபோது கோயிலில் தாலி கட்டி, பஞ்சாயத்தில் பதிவும் செய்துவிட்டார்கள். ஊரறிய மண்டபக் கல்யாணம் பொள்ளாச்சியில் பிப்ரவரியில். வீட்டாருக்கு அதுதான் கல்யாணம். சட்டத்துக்கு அக்டோபர்.

சிற்றூர் தாலுகாவில் வக்கீலாக இருந்து இந்த மாதிரிக் குடும்பங்களுக்குக் காகிதம் சரிபார்த்துக் கொடுக்கிறேன். நேர்காணல் என்றதும் எல்லோரும் பயப்படுவது "என்ன கேள்வி கேப்பாங்க" என்பதற்குத்தான். என் கவலை வேறு. மனு, டிஎஸ்-260 என்கிற விசா விண்ணப்பப் படிவம், சான்றிதழ், வாயில் வரும் பதில் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: எதையும் மறைக்காதே. அக்டோபரில் கோயில், பதிவு, பிப்ரவரியில் மண்டபம். நடந்த வரிசையில் அப்படியே சொல்லு.

அடுத்தது பெயர். எல்லையில் இருக்கிற நமக்கு இது தீராத தலைவலி. பள்ளிச் சான்றிதழில் அப்பா கந்தசாமி, பஞ்சாயத்துப் பதிவில் கந்தஸ்வாமி. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயரே குடும்பப் பெயராக நிற்கும். பிறப்புப் பதிவில் சிலருக்குக் குழந்தையின் பெயரே ஏறியிருக்காது. பஞ்சாயத்தில் போய் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் நேர்காணலுக்கு முந்தின வாரம் ஓடக்கூடாது. 16 வயதுக்குப் பிறகு வளைகுடாவில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் வாங்க வேண்டும். அதற்கு நாளாகும்.

மருத்துவப் பரிசோதனைக்குத் தூதரகப் பட்டியலில் உள்ள டாக்டரிடம் மட்டுமே போக வேண்டும். குடும்ப டாக்டர் எழுதிக் கொடுப்பது செல்லாது.

பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம், இரண்டு வாரம்தான் சேர்ந்து இருந்தோம், நம்புவார்களா என்று நிறையப் பெண்கள் கேட்கிறார்கள். நம்ம ஊர்க் கல்யாணத்துக்குச் சாட்சி குறைவா என்ன? இந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து மொய் நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் தடவிய அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. தமிழில் எழுதிக்கொண்டே வந்தவர் பந்திக்குப் போயிருக்க வேண்டும், நடுவில் நாலு பக்கம் மலையாளத்தில் வேறொரு கையெழுத்து. மாப்பிள்ளையின் அத்தை 501 ரூபாய். இதை யாராலும் ஜோடிக்க முடியாது. தேவையான பக்கங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் உறுதிமொழியும் கையெழுத்தும் வைத்து, பத்திரிகை, மண்டப ரசீதோடு சேர்த்தோம். போட்டோக்களைப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். "போன்ல இருக்கு சார்" என்று அங்கே காட்ட முடியாது.

கேள்வி-பதில் தாள் விற்கிற ஏஜென்டுகளிடம் தயவுசெய்து போகாதீர்கள். மனப்பாடம் செய்த பதில், கேள்வி கொஞ்சம் மாறினால் உடைந்துவிடும். பொய் என்று முடிவானால் அமெரிக்காவுக்குள் நுழைய நிரந்தரத் தடை வரைக்கும் போகலாம். கல்யாணமே விசாவுக்காகச் செய்த போலி என்று தீர்மானித்தால், பிறகு யார் மனுப் போட்டாலும் ஏற்கமாட்டார்கள். அதற்குப் பதில் தினமும் கணவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். அவர் வேலை என்ன, ஷிப்ட் எப்போது, வீட்டில் கூட யார் இருக்கிறார், முன்பு கல்யாணமாகி விவாகரத்து ஆனவரா? இதெல்லாம் அதிகாரிக்காக மட்டுமல்ல, கடல் தாண்டிப் போகிற உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டியவை. உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று அவர் கையெழுத்திடும் ஐ-864 படிவத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் கால் வைக்கும்போது கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்காவிட்டால், கிடைப்பது 2 வருட நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைக் கணவனும் மனைவியும் சேர்ந்து போட வேண்டும். "கையெழுத்துப் போடமாட்டேன்" என்று மிரட்டப்பட்டு, அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுமை நடந்தாலோ, உண்மையாக நடந்த கல்யாணம் விவாகரத்தில் முடிந்தாலோ, அவர் கையெழுத்து இல்லாமல் தனியாக மனுப் போட வழி இருக்கிறது. அதற்கும் இதே சாட்சிகள்தான் வேண்டும்.

அதனால் அந்தப் பெண்ணின் ஃபைலை இரண்டு செட் நகல் எடுக்கச் சொன்னேன். ஒன்று மும்பைக்கு. இன்னொன்றை அவள் அம்மா பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்திருக்கிறார்.