பல்லைக் கடிப்பவரின் தாடை வலி: மூட்டா, தசையா?

தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறவர் தாடை வலியோடு வந்தால், பழியை உடனே அந்தப் பழக்கத்தின் மேல் போடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. தேய்ந்த பல், கடித்ததன் பழைய தடயம் மட்டுமே. பழக்கம் எப்போதோ நின்றிருக்கலாம். வயிற்று அமிலம் மேலேறி வந்தும் பல் கரையும். பல்லைக் கடித்தும் மூட்டு நன்றாகவே இருப்பவர்கள் ஏராளம்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஒரு முண்டு நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. வாய் ஏறத்தாழ 20 மி.மீ. திறக்கும்வரை அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழலும். இன்னும் திறக்க, அது தான் பொருந்தியிருக்கும் பள்ளத்தை விட்டு முன்னால் நழுவ வேண்டும். அதன் மேல் ஒரு சிறு வட்டு தொப்பி மாதிரி உட்கார்ந்து கூடவே வரும். அந்த வட்டு முன்பக்கம் விலகியிருந்து, வாய் திறக்கும்போது மறுபடி இடத்தில் ஏறினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். ஏறாமல் குறுக்கே நின்றுவிட்டால் சத்தமும் போய்விடும், வாயும் முழுசாகத் திறக்காது. கறகறவென்று உரசினால் எலும்புத் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

வலி மூட்டிலா, தசையிலா என்று கண்டுபிடிக்க, 2014இல் வெளியான டிசி/டிஎம்டி (தாடை மூட்டு, தசைக் கோளாறுகளைக் கண்டறியும் வரையறைகள்) என்ற சர்வதேச வழிமுறை இருக்கிறது. எனக்கு அதில் பிடித்ததே அதன் எளிமைதான். முதலில் கேள்விகள்: கடந்த 30 நாளில் வலி வந்ததா? மெல்லும்போது, கொட்டாவி விடும்போது, பல்லைக் கடிக்கும்போது கூடுகிறதா? அப்புறம் அளவுகோல். மருத்துவர் விரல் கொடுத்துத் திறந்தும் 40 மி.மீ. தொடவில்லை, தாடை ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால், அந்தப் பக்க வட்டு சிக்கியிருக்கலாம்.

அடுத்தது விரல். கன்னத் தசையையும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப்பொட்டையும் ஒரு கிலோ அழுத்தத்தில் அமுக்க வேண்டும். மூட்டின் மேல் அதில் பாதி போதும். இந்த அளவு கைக்குப் பழக, எடைக்கருவியில் அழுத்திப் பார்த்துப் பயிற்சி எடுப்பார்கள். அமுக்கியதும் கேட்கும் கேள்விதான் முக்கியம்: "இது நீங்கள் சொன்ன அதே வலிதானா?" அமுக்கினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும், அந்த வலியைக் கணக்கில் எடுப்பதில்லை. அதே வலி கன்னத்தில் கிளம்பினால் தசை, காதின் முன் கிளம்பினால் மூட்டு. பல்லைக் கடிப்பவர்களில் பலருக்கு வலிப்பது தசைதான்.

சரி, ஸ்கேன் வேண்டாமா? எல்லோருக்கும் வேண்டாம். வட்டைப் பார்க்க எம்ஆர்ஐ, எலும்பைப் பார்க்க சிடி. ஆனால் வலியே இல்லாதவர்களுக்கும் எம்ஆர்ஐயில் வட்டு விலகியிருப்பது சாதாரணம். படத்தை மட்டும் நம்பிச் சிகிச்சை தொடங்குவது ஆபத்து.

பல் கடிப்பதையும் தனியாக உறுதிசெய்ய வேண்டும். நோயாளி சொன்னால் 'இருக்கலாம்'. தடித்த கன்னத் தசை, கன்னத்தின் உட்புற வெள்ளைக்கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் போன்றவை இருந்தால் 'அநேகமாக'. தசையில் மின்முனை ஒட்டிப் பதிவுசெய்தால்தான் 'உறுதி'. காலையில் தாடை இறுகியிருந்தால் இரவுக் கடியையும், மாலையில் வலி கூடினால் பகலில் அறியாமல் இறுக்குவதையும் விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை ஓய்ந்துபோவது, நெற்றிப்பொட்டில் தொட்டால் வலி என்றால் இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வையையே பறிக்கக்கூடியது அது. அன்றே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.