ஸ்பிதியில் வீட்டு மனை வாங்க முடியுமா? பிரிவு 118 சொல்வது என்ன

ஸ்பிதிக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் பலர் கேட்பது இது: "அங்கே ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டால் என்ன?" ஆசை நியாயம்தான். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் காசா என்ற ஊரைச் சுற்றிய குளிர்ப் பாலைவனப் பள்ளத்தாக்கு அது. மழை அபூர்வம். பனி உருகும் நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பார்லியும் பச்சைப் பட்டாணியும் விளைவிக்கிறார்கள். ஆனால் வெளியூர்க்காரர் அங்கே மனை வாங்க இரண்டு சட்டங்களைத் தாண்ட வேண்டும்.

முதலாவது, 1972-ஆம் ஆண்டின் இமாச்சல் குத்தகை மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டம். அதன் 118-ஆம் பிரிவின்படி, விவசாயி அல்லாத யாருக்கும் அந்த மாநிலத்தில் நிலத்தை மாற்றிக் கொடுக்கக் கூடாது. விவசாயி என்றால், இமாச்சலுக்குள் சொந்த நிலம் வைத்துத் தானே பயிர் செய்பவர். தஞ்சாவூரில் பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருந்தாலும் அங்கே நீங்கள் விவசாயி இல்லை. இமாச்சலிலேயே தலைமுறையாக வசித்தாலும் நிலம் இல்லாத வணிகக் குடும்பங்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். ஆகவே இது தமிழர்களுக்கோ வெளிமாநிலத்தவர்களுக்கோ மட்டும் போட்ட தடை இல்லை. மலைச் சரிவில் துண்டு துண்டாக நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயி, பணக்காரர் வந்து விலை சொன்னதும் விற்றுவிட்டு நிற்கக் கூடாது என்பதே நோக்கம்.

தடைக்குள் ஒரு வாசல் உண்டு. மாநில அரசின் முன் அனுமதி வாங்கினால் வீடு கட்ட அதிகபட்சம் 500 சதுர மீட்டர் வரை வாங்கலாம். நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குச் சற்று மேல். மனு மாவட்ட ஆட்சியர் வழியாக அரசுக்குப் போகும். எந்தக் காரணத்துக்கு அனுமதி கிடைத்ததோ அதற்குக் குறித்த காலத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். விலை ஏறட்டும் என்று சும்மா போட்டுவைத்தால் நிலம் அரசுக்குப் போய்விடும்.

சிம்லா பக்கம் என்றால் கதை இதோடு முடிந்திருக்கும். ஸ்பிதி, அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி. அங்கே 1968-ஆம் ஆண்டின் நில மாற்ற ஒழுங்குமுறைச் சட்டமும் குறுக்கே நிற்கும். பழங்குடி நில உரிமையாளர் வெளியாளுக்கு விற்பதற்கோ அடமானம் வைப்பதற்கோ குத்தகைக்கு விடுவதற்கோ அரசின் எழுத்துபூர்வ முன் அனுமதி வேண்டும். பள்ளத்தாக்கில் தனியார் நிலம் பெரும்பாலும் பழங்குடியினர் கையில்தான் இருக்கிறது. அதனால் விற்க ஆள் கிடைத்தாலும் பத்திரம் முடிவது கஷ்டம். சரி, கண்ணுக்கெட்டிய தூரம் தரிசாகக் கிடக்கிறதே, அது யாருடையது என்றால், அநேகமாக அரசு நிலம், வனக் கணக்கில் உள்ள நிலம் அல்லது ஊரார் ஆடு மாடு மேய்க்கும் நிலம். அதை விற்பதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

புரோக்கர்களின் குறுக்கு வழிகளுக்கு வருவோம். "அக்ரிமெண்ட் போட்டுக்கொள்ளலாம், பவர் எழுதித் தருகிறேன், உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைக்கலாம், நீண்டகாலக் குத்தகை எடுக்கலாம்" என்பார்கள். சட்டத்தை எழுதியவர்கள் இதையெல்லாம் முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். பிரிவு 118-இல் குத்தகையும் நில மாற்றம்தான். பினாமி கிரயமும் அப்படியே. நிலத்தை வெளியாளிடம் ஒப்படைக்கும் எண்ணத்தோடு எழுதிய பவரும் ஒப்பந்தமும் அதில் அடங்கும். ஒப்புக்கு வழக்குப் போட்டு சிவில் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கும் தந்திரமும் செல்லாது. விதிமீறல் நிரூபணமானால் நிலம் அரசுடைமை ஆகிவிடும். கொடுத்த பணத்தை விற்றவரிடம் நீங்கள்தான் கேட்டு அலைய வேண்டும். வேறு ஒருவர் பெயரில் இருக்கும் நிலத்தில் லட்சக்கணக்கில் போட்டு வீடு கட்டுவதைவிட மோசமான முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை.

முறைப்படி முயல விரும்புபவர், முன்பணம் கொடுக்கும் முன் பட்வாரியிடம் (நம் ஊர் வி.ஏ.ஓ. போன்றவர்) ஜமாபந்தி நகல் வாங்கிப் பார்க்க வேண்டும். அங்கே அதுதான் நம் பட்டா, சிட்டா போன்ற உரிமைப் பதிவேடு. நம் சர்வே எண்ணுக்குப் பதில் கஸ்ரா எண் இருக்கும். விற்பவர் பழங்குடியினரா, கூட்டுப் பங்காளிகள் உண்டா என்று அதில் தெரியும். அப்புறம் தண்ணீர். வாய்க்கால் நீரில் யாருக்கு எப்போது முறை என்பதை ஊரே தீர்மானிக்கிறது. மனை வாங்கினால் தண்ணீர் தானாக வந்துவிடாது.

இமாச்சலில் எங்காவது வீடு இருந்தால் போதும் என்பவர்கள் மாநில வீட்டு வசதி அமைப்பான ஹிமுடா கட்டி விற்கும் வீடுகளைப் பார்க்கலாம். அவற்றுக்குப் பிரிவு 118-இல் விலக்கு உண்டு. ஆனால் அவை சோலன், சிம்லா போன்ற கீழ்ப்பகுதிகளில்தான் அதிகம். ஸ்பிதியேதான் வேண்டும் என்றால் கிராமத்து ஹோம்ஸ்டேயில் அறை எடுத்துத் தங்கலாம், அதற்கு இந்த அனுமதி எதுவும் தேவையில்லை. முடிந்தால் ஜனவரியில் போய்ப் பாருங்கள். குன்சும் கணவாய் மூடியிருக்கும், மணாலி வழி கிடையாது. கின்னௌர் வழியாகத்தான் காசா போய்ச் சேர வேண்டும், குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும்.