சமன்பாடு: சொல் விளக்கம்

சமன்படு என்ற வினையிலிருந்து பிறந்தது சமன்பாடு. உடன்படு உடன்பாடு ஆனதும், வேறுபடு வேறுபாடு ஆனதும் இதே வழியில்தான். படு என்ற முதனிலை நீண்டு பாடு ஆகிறது. இலக்கணம் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறது. ஆக, இரு பக்கமும் சமன்பட்டு நிற்கும் நிலைதான் சமன்பாடு. கணித வகுப்பில் 'ஈக்குவேஷன்' என்று சொல்லப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைக்காது என்பேன்.

சமன் என்ற சொல்லின் பொருள் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் குறளுக்குப் போக வேண்டும். நடுவுநிலைமை அதிகாரத்தில் "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்" என்று வருகிறது. முதலில் தான் சமனாக நின்று, பிறகு வைத்த பாரத்தை அளந்து சொல்லும் துலாக்கோல் அது. வடமொழிக் கணித நூல்களில் வரும் சமீகரணம் என்ற சொல்லுக்கும் சமன்செய்தல் என்றே பொருள். 1150இல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில், தெரியாத எண்ணுக்கு யாவத்-தாவத் என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்பது அதன் பொருள். இன்று x எழுதும் இடம் அதுதான்.

நம் பாடநூல்களில் அந்த x-ஐ ஒட்டி "என்க" என்று ஒரு சொல் வரும். பிள்ளைகள் அதைச் சடங்குபோல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அது வியங்கோள் வினைமுற்று. 'என்று சொல்வோமாக' என்று பொருள். எதை x என்று சொல்கிறோம் என்பதில்தான் வாக்கியக் கணக்கின் பாதி அடங்கியிருக்கிறது.

பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஒரு விவசாயி 20 குவிண்டால் மஞ்சள் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விரலி மஞ்சள் குவிண்டால் 13,000 ரூபாய், கிழங்கு மஞ்சள் 12,000 ரூபாய். இவை கணக்குக்காக நான் வைத்த விலைகள். மொத்தமாகக் கைக்கு வந்தது 2,54,000 ரூபாய். விரலி எவ்வளவு?

இங்கே "விரலி = x" என்று எழுதினால் வந்தது வினை. x என்பது விரலியா, அதன் விலையா, எடையா? "விரலியின் எடை x குவிண்டால் என்க" என்று முழுதாக எழுத வேண்டும். உடனே கிழங்கின் எடை 20 − x ஆகிவிடுகிறது. அடுத்துத் தேட வேண்டியது, கணக்கில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்ட ஒரே அளவை. இந்தக் கணக்கில் அது பணம். எடையையும் விலையையும் பெருக்கிக் கூட்டினால் வருவதும் பணம். கைக்கு வந்த 2,54,000 ரூபாயும் அதே பணம். எனவே,

13,000x + 12,000(20 − x) = 2,54,000

இதைச் சுருக்கினால் 1,000x + 2,40,000 = 2,54,000; x = 14. விரலி 14 குவிண்டால், கிழங்கு 6 குவிண்டால்.

பேனாவே எடுக்காமல் மனக்கணக்காகவும் இதைப் போடலாம். 20 குவிண்டாலும் கிழங்கு என்றால் 2,40,000 ரூபாய் வந்திருக்கும். கூடுதலாக வந்தது 14,000. விரலிக்குக் குவிண்டாலுக்கு ஆயிரம் கூடுதல், ஆகவே 14. சுருக்கிய சமன்பாட்டைத் திரும்பப் பாருங்கள். இதே பேச்சுதான் அங்கே குறிகளில் எழுதப்பட்டிருக்கிறது. குறியைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு முதலில் இந்தப் பேச்சைக் காட்ட வேண்டும், பிறகு x-ஐக் காட்டலாம்.

அல்ஜீப்ரா என்ற சொல் அரபு மொழியின் அல்-ஜப்ர். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் அது இருக்கிறது. குறைந்ததை நிறைத்தல், முறிந்ததைச் சேர்த்தல் என்று பொருள். ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரையும் இதே சொல்லிலிருந்து அழைத்தார்கள். அந்த நூலில் குறிகளே கிடையாது, எல்லாம் வாக்கியங்கள். சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளும் அதில் உண்டு.

குறைந்ததை நிறைத்தல் என்பதைத் திருப்பூரில் சனிக்கிழமை சம்பளத்தில் பார்க்கலாம். பீஸுக்கு 12 ரூபாய், முன்பணம் 500 ரூபாய் பிடித்தம், கையில் 4,300 ரூபாய். தைத்த பீஸ்களின் எண்ணிக்கை x என்க. 12x − 500 = 4,300. பிடித்த 500 ரூபாயை இரு பக்கமும் சேர்த்தால் 12x = 4,800; x = 400. பிடித்ததைத் திரும்ப வைத்து முழுச் சம்பளமாக்கியதுதான் ஜப்ர். "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. எதுவும் எங்கும் போவதில்லை; இரண்டு பக்கமும் ஒரே அளவு சேர்கிறது, அதனால் சமன் கெடுவதில்லை. காரணம் தெரியாமல் விதியை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை, பெருக்கலில் வரும் எண்ணுக்கும் குறியை மாற்றி வைக்கிறது.

தமிழ்நாட்டில் அல்ஜீப்ராவுக்கு இயற்கணிதம் என்ற சொல் நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அட்சரகணிதம். சமன்பாட்டோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் இரண்டு உண்டு. 12x − 500 என்று சமக்குறி இல்லாமல் நின்றால் அது கோவை. x-க்கு எந்த மதிப்புக் கொடுத்தாலும் இரு பக்கமும் சமமானால் அது முற்றொருமை.

அந்த மஞ்சள் விவசாயி, "20 குவிண்டாலுக்கு 2,50,000 ரூபாய்க்குக் குறையாமல் வர வேண்டும்" என்று கேட்டால், அது சமன்பாடு ஆகாது, அசமன்பாடு. விரலி 10 குவிண்டாலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.