பயந்த கையோடு ஏன் சிரிக்கிறோம்?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ சொந்தங்கள் கூடினால், யாராவது 'சந்திரமுகி'யைப் போட்டுவிடுவார்கள். 2005இல் வந்த பேய்ப் படம். வடிவேலு எந்த இடத்தில் அலறுவார் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனாலும் உடம்பு ஒருமுறை துள்ளுகிறது, அடுத்த நொடி வீடே சிரிக்கிறது. கதை முழுக்கத் தெரிந்த பிறகும் இது எப்படி நடக்கிறது?

முதலில் அந்தத் துள்ளல். திடீரென்று உரத்த சத்தம் கேட்டால் கண் மூடும், கழுத்து இறுகும், தோள் மேலேறும். காதிலிருந்து கிளம்பும் செய்தி மூளைத்தண்டைத் தொட்டு அங்கிருந்தே தசைகளுக்கு இறங்கிவிடுகிறது. இமை மூட ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். 'படம்தானே' என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் உடம்பு துள்ளி முடித்திருக்கும். அதே சத்தத்தை அடுத்தடுத்துக் கேட்டால் துள்ளல் குறையும். இடைவெளி விட்டால் மறுபடி பலம் பெறும். ஆண்டுக்கொருமுறை பார்க்கும் பேய்ப் படம் பழசாகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இருட்டில் இந்தத் துள்ளல் இன்னும் பெரிதாகும் என்பதைச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே விளக்கை அணைக்கச் சொல்பவர் சரியாகத்தான் சொல்கிறார்.

சரி, சிரிப்பு எங்கிருந்து வருகிறது? பயந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. ஆபத்தில்லை என்று மனதுக்குத் தெரிந்தாலும் அந்தப் படபடப்பு உடனே அடங்காது. அடுத்து எந்த உணர்ச்சி வந்தாலும் மிச்சமிருக்கும் வேகம் அதோடு சேர்ந்துகொள்ளும். கோபம் வந்தால் கோபம் கூடும், பகிடி வந்தால் சிரிப்பு கூடும். டோல்ஃப் சில்மன் என்ற உளவியலாளர் 1970களில் இதை விரிவாக ஆராய்ந்தார்.

இயக்குநர் பி. வாசுவின் கெட்டித்தனம் இங்கேதான் இருக்கிறது. நாம் உள்ளே அடக்கி வைத்திருக்கும் பயத்தை வடிவேலு நமக்காக வெளியே கொட்டிவிடுகிறார். குரல் உடைகிறது, கால் பின்னுகிறது. மாட்டிக்கொண்டவர் அவர், நாமோ கதிரையில் பத்திரமாக இருக்கிறோம். ஒரு விஷயம் மிரட்டலாகவும் அதே கணத்தில் ஆபத்தில்லாததாகவும் தெரியும்போதுதான் சிரிப்பு பிறக்கிறது என்று பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். இதில் மிரட்டல் பாதியும் உண்மையாக இருக்க வேண்டும். சந்திரமுகியாக மாறும் காட்சிகளில் ஜோதிகா பகிடிக்குத் துளியும் இடம் கொடுக்கவில்லை. பிறகு வந்த எத்தனையோ படங்களில் பேயும் சேர்ந்து பகிடி விடுகிறது. பயம் போய்விடுகிறது, கூடவே சிரிப்பும் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, பக்கத்தில் ஆள் வேண்டும். மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். கொழும்பு காலி வீதியில் உள்ள சவோய் தியேட்டரில் ஒருவர் வீறிட்டால் வரிசையே சிரிப்பது அதனால்தான். போனில் தனியாகப் பார்ப்பவருக்கு இது கிடைக்காது. போனின் சின்ன ஸ்பீக்கரால் அடித்தொண்டை உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிகளையும் சரியாகத் தர முடியாது. பேய் வருவதற்கு முன் வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் அந்த ஒலிதான். பெரிய ஸ்பீக்கர் இல்லாவிட்டால் நல்ல ஹெட்போனாவது போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஆளுக்கொரு ஹெட்போன் என்றால் பக்கத்தில் இருப்பவரின் அலறல் கேட்காமல் போய்விடும்.